இருபது கொண்டை ஊசி வளைவும் ஒரு ரிமோட் டூலும்

சேலத்தில் தனியாளாகக் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்க்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் மூன்று வெள்ளிப் பட்டறை, ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி மில், அஸ்தம்பட்டியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், ஏற்காட்டில் நாலு காபி எஸ்டேட் ஆபீஸ். மொத்தம் 46 மெஷின். கீழே இருப்பவை பற்றிக் கவலையில்லை, கூப்பிட்டால் கால் மணி நேரத்தில் வண்டியில் போய் நிற்பேன். மேலே இருக்கும் ஏழு மெஷின்தான், உட்கார்ந்த இடத்திலிருந்தே வேறொரு கம்ப்யூட்டரை இயக்கவிடும் ரிமோட் டூலின் அருமையை எனக்குக் காட்டியவை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அங்கே போய்ப் பார்க்கும் வேலை, பிரின்ட் வேலைகளை வரிசையாக அனுப்பும் ஸ்பூலர் நின்றுபோயிருந்தால் அதை மறுபடி ஓடவிடுவது. மூன்று நிமிடம்.

2016-லிருந்து ஆறு வருடம் ஒரு இலவச டூலை வைத்து ஓட்டினேன். பெயர் வேண்டாம், இப்போது சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருந்தது. 2022 டிசம்பரில் 'இந்தச் சேவை நிறுத்தப்படுகிறது' என்று மெயில் வந்தது. 30 நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த மெயில் விளம்பர மெயில்களோடு போய் உட்கார்ந்துகொண்டதால், நான் பார்த்தபோது நாலு நாள்தான் மிச்சம். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, பழைய டூல் வழியாகவே ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் போய்ப் புதியதைப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். கீழே உள்ளவற்றை முடித்துவிட்டு மலைக்குப் போவதாகத் திட்டம். இதுதான் முட்டாள்தனம். எது தூரமோ அதைத்தான் முதலில் முடித்திருக்க வேண்டும். கடைசி நாள் 31 என்று போட்டிருந்தது. 31 முடியும்வரை ஓடும் என்று நான் படித்தேன். அவர்கள் 31 பிறக்கும்போதே மூடிவிட்டார்கள். மலையில் மூன்று மெஷின் பாக்கி. அதில் ஒன்றில் புதிய டூலைப் போட்டு முடித்து, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மெஷின் திரும்பி வந்ததோ என்னவோ, பழைய டூல் என்னை உள்ளே விடவில்லை, புதியது இன்னும் எழுந்திருக்கவில்லை. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திய கதைதான்.

அது காபிப் பழம் பறிக்கும் சீசன். சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா. காலையில் ஏழு மணிக்கு, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடமிருந்து போன்.

"தம்பி, நீங்க உள்ள வந்து பாக்குற பெட்டி இன்னிக்கு வரலீங்களே. கூலி லிஸ்ட்டு பிரின்ட் ஆகலை. ஆளுங்க எல்லாம் வந்து நிக்குறாங்க."

"அண்ணா, நான் நேர்லயே வந்துடறேன். பத்து மணிக்குள்ள."

"பனி ஜாஸ்தியா இருக்கு, பாத்து வாங்க."

பனி அவர் சொன்னதைவிட ஜாஸ்தி. எதிரே பஸ் வருவது அதன் விளக்கை வைத்துத்தான் தெரியும். போய்ச் சேரும்போது பத்தரை. அவரே பழைய நோட்டில் பார்த்துக் கையால் எழுதிப் பாதிப் பேருக்குக் கூலி கொடுத்து முடித்திருந்தார். எனக்கு அன்று பேச வாயில்லை.

இந்தக் கோபம் எனக்கு மட்டும் வந்ததில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். லாக்மீஇன் ஃப்ரீ என்ற இலவச ரிமோட் டூல் 2014 ஜனவரியில் நிறுத்தப்பட்டபோது, உள்ளே நுழைந்த நாளிலிருந்து ஏழு நாள் அவகாசம். மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் மேனேஜரை 2020 மார்ச்சில் திரும்பப் பெற்றார்கள். பல சர்வர்களை ஒரே ஜன்னலில் மரம்போல அடுக்கிக் காட்டும் டூல் அது. யாராவது குறும்பாகத் தயாரித்த ஃபைலை அதில் திறந்தால் தகவல் வெளியே போகும் ஓட்டை ஒன்று தெரியவந்ததுதான் காரணம். 2021 ஜூனில் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் என்ற டூல் தொகுப்பில் ஒன்றாக அதுவே திரும்பி வந்தது. இடைப்பட்ட ஒன்றேகால் வருடத்தில் மாறிப்போனவர்கள் மாறிப்போனார்கள். விண்டோஸ் ஸ்டோரில் இருந்த ரிமோட் டெஸ்க்டாப் ஆப்புக்கு 2025 மே 27 கடைசி நாள். மாற்றாகச் சொன்ன விண்டோஸ் ஆப்போ, அப்போது விண்டோஸில் சாதாரண பிசிக்குள் போக உதவவில்லை. அதற்கு, விண்டோஸோடே வரும் பழைய ரிமோட் டூலான எம்எஸ்டிஎஸ்சியையே பயன்படுத்தச் சொன்னார்கள். அது மட்டும் எதற்கும் அசையாமல் அப்படியே இருக்கிறது, ஆச்சரியம்தான்.

இதில் கனெக்‌ஷன் மேனேஜர் விஷயத்தில் எனக்குக் கோபமில்லை. ஓட்டை இருக்கிறது, மூட ஆளில்லை, எடுத்துவிடுகிறோம் என்றால் அது நேர்மை.

இப்போது மூன்று வருடமாக ஓடுவது ரஸ்ட்டெஸ்க், சொந்த சர்வரிலேயே ஓடவிடக்கூடிய ரிமோட் டூல். சர்வர் என்னுடையது. மும்பையில் 1 ஜிபி ரேமோடு ஒரு வாடகை சர்வர், மாதம் ஐந்நூறு ரூபாய்க்குள். அதில் இரண்டு சின்ன ப்ரோகிராம். ஒன்று, எந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லும். இன்னொன்று, இரண்டு பக்கமும் நேராகப் பேச முடியாதபோது நடுவில் நின்று கடத்தும். எஸ்டேட்டுகளில் பெரும்பாலும் மொபைல் நெட். நிறையப் பேர் ஒரே ஐபிக்கு, அதாவது ஒரே நெட் முகவரிக்குப் பின்னால் இருப்பதால் வெளியிலிருந்து நேராகப் போக முடியாது, அந்த இரண்டாவது ப்ரோகிராமுக்குத்தான் அங்கே வேலை அதிகம். சர்வரில் தகவல் வந்துபோகும் வாசல்களான போர்ட்டுகளில் 21115 முதல் 21117 வரை டிசிபி வகைக்கும், கூடவே 21116-ஐ யுடிபி வகைக்கும் திறக்க வேண்டும். அந்த யுடிபியை மறந்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

போடும்போது, விண்டோஸோடு தானாக ஓடும் சர்வீஸாகவே இன்ஸ்டால் செய்துவிடுங்கள். சும்மா ஃபைலைத் திறந்து ஓடவிட்டால், விண்டோஸ் அனுமதி கேட்கும் அந்த மங்கலான திரை வரும்போது உங்களால் எதையும் கிளிக் செய்ய முடியாது. மெஷின் பட்டியலை ஒரே இடத்தில் பார்க்கும் வசதி சர்வரின் கட்டணப் பதிப்பில்தான். நான் 46 ஐடியையும் ஒரு எக்செல் ஷீட்டில் வைத்திருக்கிறேன். அசிங்கமாக இருக்கும், ஆனால் போதும்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்காரர் கேட்டார், "கண்ணு, என் கணக்கு உன் சர்வர்ல போய் உக்காந்துக்குமா?" இல்லை, படம் மட்டும் அந்த வழியாகப் போகிறது, அதுவும் பூட்டித்தான் போகிறது என்றேன். "அப்போ அந்த சர்வரு போச்சுன்னா?" என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. வாடகைக்கு வேறு சர்வர் எடுத்து சர்வரின் அடையாளமான அதே சாவி ஃபைலையும் பழைய பெயரையும் அதில் வைத்தால் மெஷின்கள் தானாக வந்து சேர்ந்துகொள்ளும் என்று விளக்கினேன். ஐபியை நேராகப் போடாமல் ஒரு டொமைன் பெயரைப் போட்டது அதற்காகத்தான். ரஸ்ட்டெஸ்க்கை எழுதுகிறவர்களே நாளைக்குக் கடையைச் சாத்தினாலும் என் சர்வரில் இருப்பது ஓடும். ஆனால் புதிய ஓட்டை வந்தால் அடைக்க ஆளிருக்காது. அதனால் அதையும் முழுக்க நம்பி உட்காரவில்லை.

இரண்டாவது கதவு வயர்கார்டு, நெட்டுக்குள் தனியாகப் பூட்டிய பாதை போடும் விபிஎன். ஒவ்வொரு மெஷினும் தானே கிளம்பி என் சர்வரைத் தொட்டு வைத்துக்கொள்ளும், 25 நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லும். அந்தப் பாதை வழியாக எம்எஸ்டிஎஸ்சியில் உள்ளே போகலாம். விண்டோஸ் ஹோம் பதிப்பு அப்படி வெளியாளை உள்ளே விடாது, அவற்றில் மட்டும் டைட்விஎன்சி என்ற வேறு ரிமோட் டூல். இரண்டு கதவும் ஒரே நாளில் மூடாது என்பது என் கணக்கு.

ஜவ்வரிசி மில்லின் எடைமேடைக் கம்ப்யூட்டர் தனிக் கதை. 32 பிட் விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் கைகழுவிய சிஸ்டம். எடை ப்ரோகிராமை எழுதிக் கொடுத்தவர் எங்கே போனார் என்று மில்காரருக்கே தெரியாது. அதை நெட்டில் விடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து ஆபீஸ் மெஷினுக்குள் எஸ்எஸ்எச் என்ற பூட்டிய இணைப்பு வழியாகப் போய், அங்கிருந்து உள்நெட்டிலேயே எடைமேடையைத் தொடுகிறேன். சுற்றுவழிதான். மரவள்ளி லாரி வரிசையில் நிற்கும்போது இந்தச் சுற்றுவழி பல தடவை காப்பாற்றியிருக்கிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எஸ்டேட்டில் கரண்ட்டும் இல்லை, டவரும் இல்லை. அப்போது எந்த டூலாலும் ஒன்றும் செய்ய முடியாது. உதவியது, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸில் செய்துவைத்த ஒரு சின்ன செட்டிங்: கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஆன் ஆகும். வந்த கொஞ்ச நேரத்தில் ஏழில் ஆறு வரிசையாக ஆன்லைனுக்கு வந்தன. எஸ்டேட் ஆபீஸில் மெஷின் வைத்திருப்பவர்கள் டூலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இந்த செட்டிங்கைப் பாருங்கள்.

ஏழாவது அந்த ரைட்டருடையது. மதர்போர்டு பேட்டரி செத்துப்போய் செட்டிங் மறந்துவிட்டிருந்தது. நாற்பது ரூபாய் பேட்டரி. ரோடு திறந்ததும் வாங்கிக்கொண்டு ஏறினேன்.