ரைஃபிள் கேஸ் டிரிம்மர்: 20 டாலர் கட்டர் போதுமா, ட்ரை-வே வாங்கலாமா?

சுட்ட பித்தளைத் தோட்டா உறையை (கேஸ்) மறுபடி மருந்தும் புல்லட்டும் வைத்து நிரப்புகிறவர்கள், நீண்டுபோன அதன் வாயைச் சீவப் பயன்படுத்தும் கருவிதான் டிரிம்மர். .223 ரெமிங்டன் என்ற தோட்டா வகையின் கேஸ் நீளம் அதிகபட்சம் 1.760 அங்குலம் இருக்கலாம். சீவி நிறுத்த வேண்டிய அளவு 1.750. .308 வின்செஸ்டருக்கு 2.015, சீவினால் 2.005. .30-06-க்கு 2.494, சீவினால் 2.484. மூன்றிலும் இடைவெளி ஒரு அங்குலத்தில் நூறில் ஒரு பங்குதான். டிரிம்மர் செய்ய வேண்டிய வேலை அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது.

சுடும்போதும், பிறகு விரிந்த கேஸைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சான சைசிங் டையில் இழுக்கும்போதும் பித்தளை கழுத்துப் பக்கமாக நகர்கிறது. நீண்டுபோன கேஸை அப்படியே நிரப்பினால், துப்பாக்கி அறையின் கழுத்து முடியும் இடத்தில் கேஸின் வாய் போய் முட்டும். அறையை மூடும் போல்ட்டை அடைக்கும்போது அந்த வாய் புல்லட்டை இறுக்கிக் கவ்விக்கொள்ளும். புல்லட் சுலபமாக விடுபட முடியாததால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். ஆகவே இதை அழகுக்காகச் செய்யும் வேலை என்று நினைத்துத் தள்ளிப்போட முடியாது.

அமெரிக்கச் சந்தையில் 200 டாலருக்குள் கிடைக்கிற, டிரில்லிலோ சொந்த மோட்டாரிலோ ஓடுகிற டிரிம்மர்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். விலை ஏறி இறங்கும், சொல்லியிருப்பவை சுமாரான தொகைகள்.

தோளிலிருந்து அளப்பதா, அடியிலிருந்தா?

எந்த டிரிம்மரும் கேஸின் ஏதாவது ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் அளக்க முடியும். டபிள்யூஎஃப்டி, ட்ரை-வே, லைமன், ஃபிராங்க்ஃபர்ட் டிரிம்மர்கள் எல்லாம் தோளை, அதாவது கேஸின் உடல் கழுத்தாகக் குறுகும் சரிவைப் பிடிக்கின்றன. லீ, வில்சன், ஃபோர்ஸ்டர் போன்றவை அடியிலிருந்து அளக்கின்றன.

தோளைப் பிடிக்கும் கருவி வேகமானது. கேஸை உள்ளே தள்ளினால் தோள் முட்டி நிற்கும், கட்டர் வாயைச் சீவும், வெளியே எடுத்துவிடலாம். கேஸின் அடியைப் பூட்டவோ திருகவோ வேண்டியதில்லை. ஆனால் சைசிங் செய்த கேஸ்களில் தோளின் இடம் ஒன்றுக்கொன்று 0.004 அங்குலம் வித்தியாசப்பட்டால், மொத்த நீளமும் அதே 0.004 வித்தியாசப்படும். வெர்னியரில் 1.748, 1.752 என்று மாறி மாறி வருவதைப் பார்த்துக் கருவி மோசம் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. உண்மையில் அந்தக் கருவி கழுத்தின் நீளத்தைச் சரியாகத்தான் வைத்திருக்கிறது. பல ரைஃபிள்களில் சுட்ட கேஸ்களைக் கலந்து சைஸ் செய்ததாலோ, மசகு கூடக்குறைய இருந்ததாலோ தோள் இடம் மாறியிருக்கிறது. அறையில் கேஸ் போய் உட்காருவதே தோளில்தான் என்பதால், கழுத்து ஒரே சீராக இருக்கும்வரை மொத்த நீளம் இப்படி மாறுவது பாதகமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. .45-70, .30 கார்பைன், .350 லெஜண்ட் போன்ற நேர்ச்சுவர்க் கேஸ்களுக்குத் தோளே கிடையாது. அவற்றை நிரப்புகிறவர்கள் அடியிலிருந்து அளக்கும் கருவிதான் வாங்க வேண்டும்.

லீ: மிக மலிவு

கட்டரும் லாக் ஸ்டட்டும் ஒரு செட். உங்கள் கேலிபருக்கான நீளக் கேஜும், கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரும் இன்னொரு செட். இரண்டும் சேர்ந்து 20 டாலரை ஒட்டி வரும். லாக் ஸ்டட்டை டிரில் சக்கில் மாட்டி, கேஸை அதில் பூட்டினால் கேஸ் சுழலும். கட்டர் உங்கள் கையில் இருக்கும். கேஜின் நுனியில் உள்ள மெல்லிய ஊசி, கேஸின் அடியில் இருக்கும் ஃபிளாஷ் ஹோல் என்ற தீப்பொறித் துளை வழியாகப் போய் ஸ்டட்டைத் தொட்டதும் கட்டர் அதற்குமேல் இறங்காது. நீளத்தை அமைக்கவே தேவையில்லை. அதே காரணத்தால் மாற்றவும் முடியாது. இன்னும் குட்டையாக வேண்டுமென்றால் ஊசி முனையை அரத்தில் தேய்ப்பது ஒன்றே வழி.

இதன் பெரிய வசதி பலரும் கவனிக்காதது. கேஸ் சுழன்றுகொண்டிருப்பதால், சீவிய கையோடு விளிம்பைச் சரிவாக்கும் சேம்ஃபர் கருவியை உள்வாயிலும் வெளிவாயிலும் வைத்துப் பிசிறு எடுத்துவிடலாம். எஃகுக் கம்பளியால் கழுத்தைத் துடைக்கலாம். கேஸை ஒருமுறை பூட்டினால் நாலு வேலை முடிந்துவிடும்.

குறை என்னவென்றால் பூட்டுவதும் கழற்றுவதும்தான். ஐம்பது கேஸ் என்றால் ஒரு மாலைப்பொழுதுக்குப் பரவாயில்லை. ஆயிரம் .223 என்றால் விரல் கழன்றுவிடும். மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரை அடியிலிருந்து முன்பே தட்டி எடுத்திருக்க வேண்டும். நடுவில் துளையில்லாத பெர்டன் கேஸ்களில் இது வேலை செய்யாது. .22 கேலிபர் ஊசி ஒல்லி என்பதால் சாய்த்து அழுத்தினால் வளையும். வளைந்த ஊசியால் நீளம் தவறாக வரும்.

இதே லீயின் குவிக் டிரிம், தோட்டா நிரப்பும் பிரஸ்ஸில் டை மாதிரி உட்காரும். சீவும்போதே உள்வாய், வெளிவாய்ப் பிசிறையும் எடுக்கும். மோட்டார் வைத்த வகையும் வருகிறது. நேர்ச்சுவர்க் கேஸ்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

டபிள்யூஎஃப்டி: வேகம் உண்டு, வேலை பாதி

லிட்டில் க்ரோ கன்வொர்க்ஸ் தயாரிப்பு, 70 முதல் 80 டாலர். அலுமினிய உடல், உள்ளே பால் பேரிங், ஒரு முனையில் டிரில் சக்கில் பிடிக்கும் தண்டு. பேரிங் இருப்பதால் கட்டர் சுழலும்போதும் உங்கள் கையிலுள்ள கேஸ் நின்ற இடத்தில் நிற்கும். ஒரு கேஸுக்கு இரண்டு மூன்று விநாடி போதும். முதல் வகை ஒரு கேலிபருக்கு மட்டும். டபிள்யூஎஃப்டி 2-இல் உள் அறையைக் கழற்றி வேறு கேலிபர் மாட்டலாம். .223 கேஸை வெட்டி .300 பிளாக்அவுட் செய்கிறவர்களிடம் இது அதிகம் புழங்குகிறது. .300 பிளாக்அவுட்டின் சீவும் அளவு 1.358 அங்குலம்.

ஆனால் இது வாயைத் தட்டையாகச் சீவி நிறுத்திவிடும். உள்ளேயும் வெளியேயும் பிசிறு நிற்கும். உள்பிசிறோடு நிரப்பினால் புல்லட்டின் செம்பு உறை சீவப்படும், அடிப்பக்கம் தட்டையான புல்லட் நேராக உட்காராது. எனவே ஒவ்வொரு கேஸையும் மறுபடி இரண்டு முறை கையில் எடுக்க வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் வேகம் சீவும் விநாடியை மட்டும் கணக்கில் வைக்கிறது. கேஸ் எத்தனை முறை கைக்கு வருகிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் உண்மையான நேரம் தெரியும்.

ஜிரோ ட்ரை-வே

.223-ஐக் குவியலாக நிரப்புகிறவருக்கு எங்கள் தேர்வு இதுதான். 110 முதல் 130 டாலர் வரை. இதுவும் தோளைப் பிடித்து டிரில்லில் ஓடுவதுதான். ஆனால் அதன் கார்பைடு பிளேடு கேஸின் வாயைச் சீவும்போதே உள்சரிவு, வெளிச்சரிவு இரண்டையும் போட்டுவிடுகிறது. கேஸ் ஒரே ஒரு முறை கைக்கு வருகிறது. டபிள்யூஎஃப்டியோடு தனியாக ஒரு சேம்ஃபர் மோட்டாரும் வாங்குவதாக இருந்தால் செலவு இதைத் தாண்டிவிடும்.

அமைப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். பிளேடை முன்பின் நகர்த்தினால் நீளம் மாறும். பக்கவாட்டில் நகர்த்தினால் உள்சரிவும் வெளிச்சரிவும் மாறும். உட்பக்கம் அதிகம் கடித்தால் வாய் கத்தி முனை மாதிரி மெலிந்துவிடும். வெளிப்பக்கம் அதிகம் கடித்தால் உள்பிசிறு அப்படியே நிற்கும். சீவிய கேஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வாயின் நடுவில் மெல்லிய தட்டை வளையமும், இருபக்கமும் ஏறக்குறைய சமமான பளபளப்புக் கோடுகளும் தெரிந்தால் அமைப்பு சரி. கழுத்துக் கனம் வேறான பிராண்டுக்கு மாறினால் இந்தச் சமநிலை கொஞ்சம் நகரும். ஆகவே கேஸ்களைப் பிராண்டுவாரியாகப் பிரித்துச் சீவுவது நல்லது. பிளேடு ரொம்பக் கூர், அமைக்கும்போது டிரில்லின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

இன்னொரு கேலிபருக்கு இன்னொரு கருவி வாங்க வேண்டியிருப்பதுதான் இதன் உண்மையான குறை. மூன்று கேலிபர் வைத்திருப்பவருக்கு விலை மும்மடங்கு. அவர்கள் டிரிம்-இட் 2 என்ற டிரிம்மர் பக்கம் போகலாம். அதில் உடல் ஒன்றே, கேலிபருக்கு ஒரு செருகு டை. நீளத்தை மைக்ரோமீட்டர் வளையத்தில் திருப்பி வைக்கலாம். மூன்று வேலையும் ஒன்றாகச் செய்யும் பிளேடும் கிடைக்கிறது.

மேசை மோட்டார்கள்: லைமன், ஃபிராங்க்ஃபர்ட்

இரண்டும் 150 டாலரில் தொடங்கும். லைமன் கேஸ் டிரிம் எக்ஸ்பிரஸ் பிரபலமான கேலிபர்களுக்கான, தோள் முட்டி நிற்கும் புஷிங்குகளோடு வருகிறது. கார்பைடு கட்டர், திருகி நுணுக்கமாக நீளம் வைக்கும் வசதி உண்டு. கேலிபர் மாற்றுவது சுலபம். ஆனால் சீவுவது மட்டும்தான், பிசிறு எடுப்பது உங்கள் பாடு.

ஃபிராங்க்ஃபர்ட் ஆர்செனலின் பிளாட்டினம் சீரீஸ் கேஸ் டிரிம் அண்ட் பிரெப் சிஸ்டம் சீவும் நிலையத்தோடு, சுழலும் பல முனைகளையும் ஒரே பெட்டியில் தருகிறது. உள்சேம்ஃபர், வெளிப்பிசிறு, ப்ரைமர் குழி சுத்தம் எல்லாவற்றையும் அங்கேயே நின்று முடிக்கலாம். ராணுவக் கேஸ்களைச் சுத்தம் செய்கிறவருக்கு இது பிடிக்கும். சீவும் தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் எங்கள் ஓட்டு லைமனுக்கு.

வில்சனும் ஃபோர்ஸ்டரும் கைப்பிடி சுற்றும் சிறு லேத் வகை. பவர் அடாப்டர் மாட்டி டிரில்லில் ஓட்டலாம். வாய் சதுரமாக வருவதில் இவற்றுக்கு நிகரில்லை. தூரக்குறி சுடுகிறவர் நூறு கேஸுக்காக வாங்கலாம், குவியலுக்கு அல்ல.

அமைக்கும் முறையும் வரும் கோளாறுகளும்

எப்போதும் முதலில் சைசிங், பிறகுதான் சீவல். கேஸ்களைக் குலுக்கிச் சுத்தம் செய்யும் டம்ப்ளரில் போட்டு சைசிங் மசகைக் கழற்றிவிடுங்கள். மசகு ஒட்டியிருந்தால் பித்தளைத் தூள் தோள் முட்டும் இடத்தில் பிசின் மாதிரி சேரும். அடுத்து வரும் கேஸ் முழுதாக உள்ளே போகாது, நீளமாகவே வெளியே வரும். சுத்தமான கேஸானாலும் இருபது முப்பதுக்கு ஒருமுறை தூளைத் தட்டி, பிரஷ்ஷால் துடையுங்கள். நடுவில் திடீரென்று சில கேஸ்கள் 0.005 நீளமாக வந்தால் முதல் சந்தேகம் இந்தத் தூள்மேல்தான்.

கட்டரை முதலில் வேண்டுமென்றே நீளமாக வையுங்கள். .223 என்றால் 1.760-இல் தொடங்கி 0.002, 0.003 என்று இறக்கிக்கொண்டே போங்கள். ஸ்க்ரூவை இறுக்கும்போது கட்டர் லேசாக நகரும், எனவே இறுக்கிய பிறகு மறுபடி ஐந்து கேஸ் சீவி அளக்க வேண்டும். பிசிறோடு அளந்தால் நீளம் கூடுதலாகக் காட்டும். பிசிறை எடுத்த பின் வரும் எண்தான் கணக்கு. குட்டையான சில கேஸ்களைக் கட்டர் தொடாமலே விடும். அது கோளாறு இல்லை, அடுத்த சுற்றில் அவையும் எட்டிப்பிடிக்கும்.

டிரில்லை வைஸில் படுக்க வைத்துப் பிடியுங்கள். வயர் உள்ள டிரில்தான் உசிதம். பேட்டரி இறங்க இறங்க வேகம் குறையும், குறைந்த வேகத்தில் கட்டர் குதித்து வாயில் பல் பல்லாகத் தடம் விழும். அதே தடம் மிக லேசாக அழுத்தினாலும், கட்டர் மழுங்கினாலும் வரும். முழு வேகம், ஒரே சீரான அழுத்தம், சத்தம் அடங்கியதும் கேஸை வெளியே எடுத்துவிட வேண்டும். டிரில் ரிவர்ஸில் இருந்தால் சீவாது, முனைதான் போகும்.

கட்டர் கடிக்கும்போது கேஸ் விரலுக்குள் சுழலப் பார்க்கும். தளர்ந்த கையுறை சுழலும் பாகத்தில் சிக்கும் என்பதால் வேண்டாம். பணம் எண்ணப் போட்டுக்கொள்ளும் ரப்பர் விரலுறை போதும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முடித்ததும் ஒவ்வொரு கேஸையும் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே விழுந்த சுருள் மருந்தோடு கலக்கக்கூடாது. ஒட்டிய தூள் அடுத்த முறை சைசிங் டைக்குள் போனால் டையில் கீறல் விழும். ப்ரைமர் கரியில் ஈயம் இருப்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

ஒவ்வொரு சுற்றிலும் சீவ வேண்டி வருகிறதென்றால் டிரிம்மரை மாற்றுவதற்கு முன் சைசிங் டையைப் பாருங்கள். தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளினால், அடுத்த முறை சுடும்போது கேஸ் அவ்வளவும் நீள வேண்டியிருக்கும். போல்ட் ரைஃபிளுக்குச் சுட்ட நிலையிலிருந்து 0.002 அங்குலம் தள்ளினால் போதும். தோளின் இடத்தை அளக்கும் கம்பேரேட்டர் வைத்து அளந்து டையை அமைத்தால் சீவும் வேலை பாதியாகக் குறையும். ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் எக்ஸ்-டை என்ற சைசிங் டை நீட்சியையே தடுப்பதற்காக வந்தது. அதற்கு முதலில் ஒருமுறை அதிகபட்ச நீளத்துக்கு 0.020 குறைவாகச் சீவிக்கொள்ள வேண்டும்.

வாயில் சீவிய பித்தளை எங்கிருந்தோ வந்ததுதான், பெரும்பாலும் அடிக்குச் சற்று மேலே உள்ள சுவரிலிருந்து. நாலைந்து முறை சீவிய கேஸ் என்றால், பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி முனையை லேசாக வளைத்து, உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். முனை ஒரு பள்ளத்தில் தட்டினாலோ, வெளியே அதே உயரத்தில் வெளிறிய வளையம் தெரிந்தாலோ, அந்தக் கேஸை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.