பெற்றோல் டெப்பை மாற்றுமுன் மூடியைத் திறந்து பாருங்கள்

கொழும்பு பேஸ்லைன் வீதியில் ஒழுங்காக ஓடிவந்த பைக், பொரளைக்குக் கிட்ட வந்ததும் இழுவை குறைந்து திணறி நின்றுவிடுகிறது. ஓரமாக ஐந்து நிமிடம் விட்டுவிட்டு உதைத்தால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். நாலைந்து கிலோமீற்றரில் மறுபடியும் அதே திணறல். கராஜுக்குக் கொண்டுபோனால் முதலில் பிளக் மாறும், பிறகு காபரேட்டர் கழுவப்படும், கடைசியில் டாங்கிக்கு அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் பெற்றோல் டெப் மாறும். டெப்பை மாற்றுவதற்காக டாங்கி மூடியைத் திறந்து பெற்றோலை இறக்குவதால் டாங்கிக்குள் காற்றுப் போய்விடுகிறது. திரும்ப ஊற்றும்போதும் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். அதனால் பைக் வீடுவரை அழகாக ஓடும். குற்றம் டெப்பில்தான் இருந்தது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். அடுத்த முறை டாங்கியை நிரப்பும்போதுதான் உண்மை தெரியவரும்.

100 சீசீ ஒன்று, 125 சீசீ ஒன்று என இரண்டு காபரேட்டர் பைக்குகளில் நான்கு வருடத்துக்கு மேலாகப் பாவித்த டெப்புகளை வைத்து இதை எழுதுகிறோம். டெப்பும் மூடியும் ஒரே வேலையின் இரண்டு முனைகள். கீழே பெற்றோல் இறங்க வேண்டுமானால் மேலே அதே அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றதைப் பார்க்காமல் விட்டால் காசுதான் வீண்.

பைக் திணறி நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, உடனே பைக் ஸ்டார்ட் ஆனால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சத்தம் இல்லாவிட்டால் வீட்டில் இன்னொரு சோதனை செய்யலாம். காபரேட்டரில் இருந்து பெற்றோல் பைப்பைக் கழற்றி, அளவு குறித்த கலன் ஒன்றுக்குள் விட்டு, மூடியைப் பூட்டியபடியே டெப்பைத் திறவுங்கள். முதலில் வேகமாக வந்து, பிறகு மெலிந்து, கடைசியில் சொட்டுச் சொட்டாக மாறினால் பழுது மூடியில். தொடக்கத்தில் இருந்தே மெலிதாக வந்து, மூடியைத் திறந்தும் மாற்றம் இல்லையென்றால் பழுது டெப்பிலோ, டாங்கிக்குள் நிற்கும் அதன் வடிகட்டும் வலையிலோ.

எவ்வளவு வந்தால் போதும்? லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் பைக் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 20 மில்லிலீற்றர்தான் குடிக்கிறது. முழு அக்சிலேட்டரில் அது இரண்டு மூன்று மடங்காகலாம். நிமிடத்துக்கு 150 மில்லிலீற்றருக்குக் குறையாமல் வந்தால் இந்த அளவு பைக்குக்குத் தாராளம் என்று வைத்துக்கொண்டோம். இதுவரை அந்தக் கணக்குப் பிழையாகவில்லை.

அடைத்த மூடி ஏன் இவ்வளவு சுலபமாக பைக்கை நிறுத்துகிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த பைக்குகளில் பெற்றோல் பம்ப் கிடையாது. பெற்றோல் தன் பாரத்தால் மட்டுமே இறங்குகிறது. டாங்கியில் உள்ள பெற்றோல் மட்டத்துக்கும், காபரேட்டரில் பெற்றோல் தேங்கும் கிண்ணத்துக்கும் இடையில் 20 சென்றிமீற்றர் உயரம் இருந்தால், அந்தத் தள்ளுவிசை வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒன்றரைப் பங்கு மட்டுமே. டாங்கிக்குள் அழுத்தம் அந்த அளவு குறைந்தாலே ஓட்டம் நின்றுவிடும். உள்ளே 5 லீற்றர் காலியிடம் இருக்க, மூடி முழுதாக அடைத்திருந்தால், 75 மில்லிலீற்றர் இறங்கியதும் கணக்குப்படி எல்லாம் முடிந்தது. டாங்கி கழுத்துவரை நிரம்பி அரை லீற்றர் இடம்தான் இருக்கிறதென்றால் வெறும் 7 மில்லிலீற்றர். உண்மையில் பெற்றோல் ஆவி அந்த இடத்தை ஓரளவு நிரப்பும், அடைத்த மூடியிலும் கொஞ்சம் காற்றுக் கசியும், கிண்ணத்தில் இருப்பதும் இன்னும் கொஞ்சத் தூரம் கொண்டுபோகும். அதனால் நடைமுறையில் சில கிலோமீற்றர் கிடைக்கிறது. ஆனால் நிரப்பிய டாங்கியில் தொல்லை கூட, குறைந்த டாங்கியில் தொல்லை குறைவு என்ற போக்கு மாறாது. அந்தப் போக்கைக் கண்டால் டெப்பைத் தொடவே வேண்டாம்.

கொழும்புக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. புறக்கோட்டையில் வெயிலில் நின்ற பைக்கின் டாங்கி கையே வைக்க முடியாத சூடு. உள்ளே ஆவி நிறைந்து அழுத்தம் கூடியிருக்கும். எடுத்துக்கொண்டு கிளம்பியதும் மழை கொட்டுகிறது. தகரம் சடாரென்று குளிர, உள்ளே இருக்கும் ஆவியும் காற்றும் சுருங்குகின்றன. 5 பாகை குளிர்ந்தாலே, மேலே சொன்ன அந்த ஒன்றரைப் பங்கு அழுத்தம் போய்விடும். மழையில் மட்டும் நிற்கும் பைக்குக்கு பிளக் வயரையும் கொயிலையும் மாற்றிப் பார்ப்பவர்கள், அடுத்த மழையில் மூடியை ஒருதரம் திறந்து பார்க்கட்டும்.

வெயில் நேரத்தில் இதே அடைப்பு எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. உள்ளே கூடும் அழுத்தம் பெற்றோலைக் கீழே தள்ளும். டெப் திறந்திருந்து, கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை நிறுத்தும் காபரேட்டரின் மிதவை ஊசியும் தேய்ந்திருந்தால் பெற்றோல் வழிந்து வெளியே ஒழுகும், அல்லது சிலிண்டருக்குள் போய் என்ஜின் ஒயிலில் கலக்கும். ஒயில் பார்க்கும் குச்சியை முகர்ந்தால் பெற்றோல் மணக்கிறதா? ஒயிலின் மட்டம் தானாகக் கூடியிருக்கிறதா? அப்படியானால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஒயிலை மாற்றி, மிதவை ஊசியைச் சரிசெய்துவிட்டுத்தான் உதைக்க வேண்டும்.

மூடியைச் சுத்தம் செய்ய ஒரு மணித்தியாலம் போதும். அடிப்பக்கத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றினால் ரப்பர் வளையமும், காற்றுப் பாதையும், சில மூடிகளில் சின்னக் குண்டு ஒன்றும் இருக்கும். பைக் சாய்ந்தால் பெற்றோல் வெளியே வராமல் தடுப்பது அந்தக் குண்டுதான். தொலைத்துவிடாதீர்கள். மின்வயரில் இருந்து ஒற்றைச் செப்பு இழையை உருவித் துளைக்குள் விட்டு எடுத்து, மறுபக்கத்தால் வாயால் ஊதிப் பாருங்கள். காற்றுத் தடையில்லாமல் போக வேண்டும். சில இடங்களில் மூடியில் புதிதாகத் துளை போட்டுக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். மழைத்தண்ணீர் நேரே உள்ளே இறங்கும், பைக் விழுந்தால் பெற்றோல் சூடான என்ஜின் மேல் கொட்டும்.

மூடி டாங்கியோடு மட்டமாக அமைந்த பைக்குகளில் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு வடிகால் துளை உண்டு. அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் கீழே போகும். அது மழைத்தண்ணீருக்கானது. மண் அடைத்துவிட்டால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, பெற்றோல் செட்டில் மூடியைத் திறந்தவுடன் டாங்கிக்குள் விழும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர், ஏப்ரல் மாதத்திலேயே, ஒரு கோப்பைத் தண்ணீரைப் பள்ளத்தில் ஊற்றி அது கீழே வருகிறதா என்று பாருங்கள்.

சரி, டெப் உண்மையிலேயே எப்போது மாற வேண்டும்? ஓஃப் செய்தும் பைப்பில் ஒழுகினால், பிடியைச் சுற்றி ஈரம் கசிந்தால், அடியில் மிஞ்சிய பெற்றோலை எடுக்கும் ரிசேவ் நிலைக்குத் திருப்பியும் வேறுபாடே தெரியாவிட்டால். பிடிக்குப் பின்னால் நாலு துளையுள்ள ரப்பர் வட்டு ஒன்றும், அதை அழுத்தும் அலைவடிவ ஸ்பிரிங் வொஷர் ஒன்றும் உள்ளன. இரண்டு ஸ்க்ரூவில் கழறும் பிடியானால் அந்த ரப்பர் செட்டை மட்டும் மாற்றினாலே போதும். எங்கள் 125 சீசீ பைக்கின் பழைய டெப் அப்படித்தான் பிழைத்தது. பிடி ஆணியடித்து இறுக்கிய வகையென்றால் முழு டெப்பையும் மாற்றுவதே நல்லது.

உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போவதென்றால் பழைய டெப்பைக் கையோடு கொண்டுபோங்கள். மொடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பிழை வர இடமுண்டு. இரண்டு போல்ட் துளைகளின் நடுவில் இருந்து நடுவுக்கு உள்ள தூரத்தை வேர்னியரால் அளக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தாலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் சரியாக உட்காராது. பெற்றோல் வெளியேறும் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் தடிப்பு எவ்வளவு என்பதையும் ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், டாங்கிக்குள் நிற்கும் நீட்டுக் குழாயின் உயரம். ஓன் நிலையில் பெற்றோல் அந்தக் குழாயின் உச்சியால் வருகிறது, ரிசேவில் அடியால் வருகிறது. குழாய் கட்டையாக இருந்தால் ரிசேவுக்கு மிஞ்சும் பெற்றோல் குறையும். முதலில் வாங்கிய மலிவு டெப்பில் பழையதைவிடக் குழாய் ஒன்றரைச் சென்றிமீற்றர் குறைவு. ரிசேவில் 40 கிலோமீற்றர் ஓடும் என்று பழகிய கணக்கு அதோடு போயிற்று. வாங்குமுன் கடையிலேயே வாயால் ஊதிப் பாருங்கள். ஓஃபில் காற்றே போகக்கூடாது. ஓனில் அடித்துவாரத்தை விரலால் பொத்தினாலும் காற்று உச்சியால் போக வேண்டும்.

பூட்டும் வேலை கடினமில்லை, அவசரம்தான் கெடுக்கும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். அருகில் குப்பி விளக்கோ அடுப்போ சிகரெட்டோ இருக்கக்கூடாது. பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிடுங்கள். பெற்றோலை மூடியுள்ள கேனில் இறக்குங்கள். தண்ணீர்ப் போத்தலில் வேண்டாம், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். இரண்டு போல்ட்டையும் மாறி மாறித் தளர்த்தி டெப்பை நேரே கீழே இழுத்தால் வலை கிழியாமல் வரும். வலையில் செந்துகள் ஒட்டியிருந்தால் டாங்கிக்குள் துரு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழுவாமல் புது டெப்பைப் பூட்டினால் ஒரு மாதத்தில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

டெப் உட்காரும் முகத்தைத் துணியால் துடைத்து, பழைய ரப்பர்ச் சிதறல் இருந்தால் நகத்தால் சுரண்டி எடுங்கள். சிலிக்கன் பூசாதீர்கள். பெற்றோலில் அது ஊறிப் பிய்ந்து காபரேட்டர் ஜெட்டை அடைக்கும். புது ஓ ரிங் போதும். போல்ட் தலைக்குக் கீழுள்ள நைலோன் அல்லது பைபர் வொஷரை மறக்கவே கூடாது. சில டாங்கிகளில் போல்ட் துளை உள்வரை போவதால் பெற்றோல் போல்ட் வழியாகவே கசியும். 6 மில்லிமீற்றர் போல்ட்தான். சின்ன ஸ்பெனரை நடுவில் பிடித்து, மாறி மாறி இறுக்கினால் சரி. பலத்தைக் காட்டினால் டாங்கியின் மரை போய்விடும், அதைத் திருத்துவது பெரும்பாடு. முதலில் ஒரு லீற்றர் மட்டும் ஊற்றி, டெப்பைச் சுற்றி டிஷ்யூ தாளைக் கட்டி அரை மணித்தியாலம் விடுங்கள். தாள் காய்ந்திருந்தால் மிச்சத்தை ஊற்றலாம்.

பைப் டெப்பில் இருந்து காபரேட்டர்வரை சரிந்தே இறங்க வேண்டும். நடுவில் மேலேறி வளைந்தால் அந்த வளைவில் காற்றுக்குமிழி சிக்கும். நாங்கள் இடையில் பூட்டிய தாள் பில்டர் ஒன்று இதே தொல்லையைத் தந்தது. துரு இல்லாத டாங்கிக்கு டெப்பின் வலையே போதும்.

நான்கு வருடத்தில் தெரிந்துகொண்டவற்றில் முதலாவது, பிடியைத் திருப்பாமலே வைத்திருந்த டெப்தான் முதலில் கெட்டது. ரப்பர் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழுகிறது. பிறகு ஒருநாள் ரிசேவுக்குத் திருப்பினால் அந்தப் பள்ளத்தால் கசிகிறது. ஒவ்வொரு இரவும் ஓஃப் செய்யும் டெப் இன்னும் காய்ந்துதான் இருக்கிறது. இரண்டாவது, மாதத்துக்கு ஒருமுறை ரிசேவில் ஓடுவது நல்லது. பெற்றோலைவிடத் தண்ணீர் பாரம், அடியில் தேங்கும். ரிசேவைத் தொடாமலே ஓடினால் தேங்கிய தண்ணீரும் துருவும் மிக இக்கட்டான நேரத்தில் ஒன்றாக வரும். 2022இல் கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறையில் பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்த காலத்தில் பல டாங்கிகள் முக்கால்வாசி வெறுமையாக நின்றன. மூடியின் துளையால் நாளாந்தம் போய்வந்த ஈரக்காற்று உள்தகரத்தில் பனித்தது. அந்தத் துருவை இன்றும் வலைகளில் காணலாம். மூன்றாவது, கழுத்துவரை நிரப்புவதை விட்டுவிட்டோம். 10 லீற்றர் பெற்றோல் 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய 100 மில்லிலீற்றர் விரியும். அதற்கு இடமில்லாவிட்டால் மூடியின் துளைக்குள்தான் ஏறும்.

ஸ்கூட்டிகளில் பெரும்பாலும் பிடியில்லாத வெற்றிட டெப் இருக்கும். என்ஜின் உறிஞ்சினால் மட்டும் திறக்கும். அதன் சின்ன உறிஞ்சு குழாயைக் கழற்றும்போது பெற்றோல் ஈரம் இருந்தால் உள்ளே மென்சவ்வு கிழிந்துவிட்டது. என்ஜின் கூடுதலாகக் குடித்துக் கரும்புகை விடுவதும் அதனால்தான். இன்ஜெக்‌ஷன் பைக்குகளில் டெப்பே கிடையாது. ஆனாலும் அவற்றின் மூடியும் மூச்சுவிட வேண்டும். பம்ப் இருப்பதால் உடனே நிற்காது. பெற்றோல் செட்டில் மூடியைத் திறக்கும்போது நீண்ட "உஸ்" கேட்டால், அன்றே அந்தச் செப்பு இழையை எடுங்கள்.