பேராதனையில் ஏழு வருடங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியோடு கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வந்து இறங்கியபோது எனக்குச் சிங்களத்தில் பத்துச் சொல் கூடத் தெரியாது. நான்கு வருடம் கலைப்பீடத்தில் சிறப்புப் பட்டம், அப்புறம் மூன்று வருடம் ஆய்வு மாணவி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் பரீட்சை இசற் புள்ளி (Z-score) வந்த கையோடு "பேராதனை எப்படி அக்கா?" என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் நடக்கப் பழகுங்கள். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக இருந்த காலத்தில், 1952இல் இங்கே இடம்பெயர்ந்தது. ஹந்தானை மலையடிவாரம், நடுவே மகாவலி, ஏறத்தாழ 700 ஹெக்டேயர் நிலம். விடுதி ஓரிடம், நூலகம் ஓரிடம். பொறியியல் பீடத்துத் தோழிகளைப் பார்க்க அக்பர் பாலத்தால் ஆற்றைக் கடக்க வேண்டும். முதல் மாதம் கால் கடுத்தது, உண்மைதான்.

ஆனால் என் சிங்களம் முழுக்க அந்த நடையில் வந்தது. அறைத்தோழி மாத்தறைக்காரி. விரிவுரைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு மரமாகக் காட்டி அவள் சிங்களத்தில் பெயர் சொல்வாள், நான் தமிழில் சொல்வேன். ரொபரோசியா மட்டும் இருவருக்கும் ஒரே பெயர். அது பூக்கிற நாட்களில் கலஹா வீதி இளஞ்சிவப்பாகிவிடும். விரிவுரைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று நின்று பார்ப்போம். திறந்தவெளி அரங்கை எல்லோரும் 'வல' என்றுதான் சொல்வார்கள். அங்கே நாடகம் பார்க்கும்போது முதல் வருடம் அவள் காதுக்குள் மொழிபெயர்த்தாள், மூன்றாம் வருடம் தேவைப்படவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்துக்குப் புது மேடை வடிவம் கொடுத்ததும் இந்த வளாகத்தில்தான். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

கலைப்பீடத்தில் தமிழ் மூலமும் படிக்கலாம். ஆனாலும் ஆய்வென்று வந்தால் வாசிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். முதல் வருடமே அதற்குத் தயாராகுங்கள்.

வீட்டு நினைவு வந்தால் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு ஏறுவேன். கண்டி நகரம் 6 கிலோமீட்டர்தான். தாவரவியல் பூங்கா பக்கத்திலேயே. அதற்கு அரை நாள் போதாது. சரசவி உயன ரயில் தரிப்பிடம் வளாகத்தை ஒட்டியே இருப்பதால் ஊருக்குப் போக வரச் சுகம்.

குடை எப்போதும் பையில் இருக்கட்டும். மழைக்குப் பிறகு ஹந்தானை ஏறுவதென்றால் காலில் சவர்க்காரம் நன்றாகப் பூசிக்கொள்ளுங்கள், அட்டைக்கடி சும்மா விடாது.