தெமெங்கோர் ஏரியில் வாடகைப் படகு: தோமான் (விரால் இன) மீன் பிடிக்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

பட்டர்வொர்த்திலிருந்து கூலிம், பாலிங், கிரிக் வழியாக, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இந்த ஏரியிலுள்ள பண்டிங் படகுத்துறைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். பெட்ரோலைக் கிரிக்கிலேயே நிரப்பிவிடுங்கள். இரவில் அந்தச் சாலையில் யானை கடக்கும், வெளிச்சத்திலேயே போய்ச் சேருவது நல்லது.

வழிகாட்டியோடு படகு எடுப்பது கொடுத்த காசுக்குத் தகும். மூழ்கிய மரங்கள் எங்கே என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது. படகு இயந்திரத்தின் விசிறி அதில் அடிபட்டால் அன்றைய நாள் போச்சு. ஒரு படகில் இரண்டு பேர்தான் வசதி. மூன்றாமவர் ஏறினால் வீசும்போது முள் யார் காதில் மாட்டும் என்று சொல்ல முடியாது.

வாடகைத் தூண்டிலை நம்ப வேண்டாம். தோமான் கடித்ததும் நேராக மரக்கட்டைக்குள் பாயும், மெல்லிய நரம்பு அங்கேயே அறுந்துவிடும். 40 பவுண்டு பின்னல் நரம்பு, முனையில் 60 பவுண்டு லீடர் (தடித்த முன்நரம்பு) ஒரு முழம், அதன் பல்லுக்கு இது தேவை. மலிவான லூரில் (செயற்கை இரையில்) வரும் மும்முள் நிமிர்ந்துவிடும். தடித்த முள்ளாக மாற்றிக்கொள்ளுங்கள். செபாரா என்ற மீனுக்கு இவ்வளவு கனம் வேண்டாம், ஓடை வாயில் சின்ன ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக இரை) போதும்.

படகு காலை எட்டு மணிக்குத்தான் என்றால் மறுத்துவிடுங்கள். ஏழு மணிக்கே தண்ணீரில் இருக்க வேண்டும். பத்துக்கு மேல் வெயில் ஏறினால் கடி குறையும். தோமானின் சிவப்புக் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளித்தால் தாய் தந்தை மீன் அடியில் நிற்கும். அதில் வீசச் சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு. பிடித்தால் உடனே விட்டுவிடுங்கள், இல்லையேல் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். பெலூம் பூங்காப் பக்கம் போக அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வேண்டும், படகுக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.