காட்டுக் கஷாயமா, ஓரிகன் காளானா?

பெருவுக்குப் போய் அயவாஸ்கா என்ற, காட்சிகளை வரவழைக்கும் கஷாயத்தைக் குடிப்பதா, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலேயே மனமயக்கம் தரும் காளானோடு முடித்துக்கொள்வதா? மனச்சோர்வுக்குச் செடி மருந்தைத் தேடுகிறவர்கள் பலரும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்.

முதலில் பெரு. அமேசான் காட்டு நகரமான இகிட்டோஸுக்குச் சாலை வழி கிடையாது. விமானத்தில் போக வேண்டும், இல்லையென்றால் நாள்கணக்கில் படகு. பல முகாம்கள் அங்கிருந்தும் ஆற்றில் தள்ளி இருக்கின்றன. சடங்கு நடக்கும் ஓலைக் கொட்டகைக்கு மலோக்கா என்று பெயர். இருட்டியதும் விளக்கை அணைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு மெத்தை, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி வாந்தி எடுக்க. அதை அங்கே யாரும் பக்கவிளைவாகப் பார்ப்பதில்லை. வைத்தியத்தில் அதுவும் ஒரு பகுதி. பாட்டி பேதிக்குக் கொடுத்த விளக்கெண்ணெய் நினைவுக்கு வந்தால் தப்பில்லை.

கஷாயத்தில் இரண்டு சரக்கு: அயவாஸ்கா கொடி, சக்ருனா இலை. காட்சிகளைத் தரும் டிஎம்டி என்ற வேதிப்பொருள் இலையில்தான் இருக்கிறது. ஆனால் இலையை மட்டும் காய்ச்சிக் குடித்தால் ஒன்றும் ஆகாது. உடம்பிலுள்ள எம்ஏஓ நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியிலுள்ள ஹார்மின் அந்த நொதியை முடக்குகிறது. சூட்சுமம் அதில்தான், ஆபத்தும் அதில்தான். எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர் இதைக் குடித்தால் செரட்டோனின் எகிறி உயிருக்கே உலை வைக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகலாமே என்றால், அந்த வகையில் ஒன்றான ஃப்ளூவாக்ஸெட்டின் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதோ தனி ஆபத்து. ஆக, இந்த முகாமுக்குப் போகத் துடிப்பவர்களில் பலர், போகவே கூடாதவர்கள்.

ஓரிகனில் நிலைமை வேறு. 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் காளானை அனுமதிக்கும் சட்டம் நிறைவேறி, 2023இல் மையங்கள் திறந்தன. 21 வயது ஆகியிருந்தால் போதும், டாக்டர் சீட்டு வேண்டாம். ஆனால் முதலில் ஒரு ஆயத்த அமர்வு கட்டாயம். கடந்த 30 நாளில் லித்தியம் என்ற மனநல மருந்தை எடுத்தீர்களா, தீவிர மனநோய் உண்டா என்று கேட்பார்கள். ஆம் என்றால் வாசலோடு சரி. எஸ்எஸ்ஆர்ஐ இங்கே பெரும்பாலும் காளானின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். உள்ளே சோபா, போர்வை, கண்மூடி, ஹெட்போனில் பாட்டு. பக்கத்தில் உட்காரும் உதவியாளர் பயிற்சியும் உரிமமும் பெற்றவர், டாக்டராக இருக்க வேண்டியதில்லை. பல் மருத்துவமனைக் காத்திருப்பு அறை போல இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சலிப்பூட்டும் ஒழுங்குதான் பிடித்திருக்கிறது.

சரி, அப்படியென்றால் பெருவில் என்னதான் கிடைக்கிறது? பாட்டு. அமேசான் பழங்குடியான ஷிபிபோ மக்களின் வைத்தியர்கள் பாடும் இகாரோ. பழைய முறையில் பல இடங்களில் கஷாயத்தைக் குடித்தது வைத்தியர்தான். நோயாளி சும்மா படுத்திருப்பார். குடித்தவர் நோயைப் 'பார்த்து' அதற்கேற்பப் பாடுவார். எல்லோருக்கும் ஆளுக்கொரு கோப்பை என்பது வெளிநாட்டவர் வரத்தொடங்கிய பிறகு பரவிய பழக்கம். அந்தப் பாட்டுக்காகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் எனக்குப் புரியும். காட்சி பார்க்கப் போகிறேன் என்றால், அதற்கு இவ்வளவு தூரம் எதற்கு?

பலன் எவ்வளவு என்றால், இரண்டு பக்கமும் அடக்கித்தான் வாசிக்க வேண்டும். பிரேசிலில் அயவாஸ்காவைச் சோதித்த முக்கியமான ஆய்வில் இருந்தவர்கள் 29 பேர். காளானில் வேலை செய்யும் சரக்கான சைலோசைபினைச் சோதித்த ஆய்வு பெரிது: 2022இல் வெளியானதில் 233 பேர். 25 மில்லிகிராம் எடுத்தவர்களில் மூன்றாம் வாரம் 37 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். பன்னிரண்டாம் வாரம் வரை அது நிலைத்தது சுமார் 20 சதவீதம் பேருக்குத்தான். அதுவும் ஆய்வகத்தில் தயாரித்த மருந்தில், காளானில் அல்ல.

செலவு இரண்டிலும் ஆயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். மூன்றாவதாக நெதர்லாந்தும் உண்டு. அங்கே 2008இல் காளானைத் தடை செய்தும் மண்ணுக்கடியில் விளையும் அதன் கிழங்கு போன்ற பகுதியை விட்டுவைத்தார்கள். அதை வைத்து முகாம்கள் நடக்கின்றன, ஆனால் ஓரிகன் போன்ற உரிம முறை இல்லை.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஓரிகனில் அனுமதி மாநிலச் சட்டத்தில் மட்டும்தான். மத்திய அரசுச் சட்டப்படி காளான் இன்னும் குற்றம். எச்1பி விசாவிலோ கிரீன் கார்டுக்கான வரிசையிலோ இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் போக வேண்டாம். அப்புறம், பெருவில் மிச்சமான கஷாயத்தைப் பாட்டிலில் ஊற்றி இந்தியாவுக்குக் கொண்டுவரும் யோசனை வேண்டவே வேண்டாம். டிஎம்டி இங்கே போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது.

மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் என் ஓட்டு ஓரிகனுக்கு, அதுவும் உங்கள் டாக்டருக்குத் தெரிந்து. மாத்திரை, இதயக் கோளாறு, குடும்பத்தில் மனநோய் எதுவும் இல்லாமல், அந்தப் பாட்டுதான் இழுக்கிறது என்றால் பெரு. பணம் கட்டும் முன் முகாமுக்கு எழுதிக் கேளுங்கள்: கஷாயத்தில் தோயே என்ற ஊமத்தை இனச் செடியைச் சேர்ப்பீர்களா? இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சு முட்டினால் படகு தயாராக இருக்குமா? பெண்களுக்குத் துணையாகப் பெண் யாராவது இருப்பார்களா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமலேயே வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பினால், அந்த முகாமை அங்கேயே விட்டுவிடுங்கள்.