நெல்சன் டாக்யார்டு: ஆன்டிகுவாவில் ஒரு நாள் கரையிறங்க ஏற்ற இடம்

கரீபியன் கடலில் பாய்மரப் படகில் தீவு தீவாகச் செல்பவர்கள் ஒரு நாளைக் கரையில் நிதானமாகக் கழிக்க இடம் கேட்டால், ஆன்டிகுவாவின் தென்கரையில் இங்கிலீஷ் ஹார்பரில் உள்ள நெல்சன் டாக்யார்டையே முதலில் சொல்வேன். பிரிட்டிஷ் கடற்படை 18-ஆம் நூற்றாண்டில் அமைத்த இந்தப் பழுதுபார்க்கும் தளம் 1889-இல் மூடப்பட்டுச் சிதைந்தது. சீரமைக்கப்பட்டு 1961-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்றும் படகுகளுக்குப் பணிசெய்யும் துறையாகவே இது இருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

சுங்க, குடிவரவு அலுவலகங்கள் வளாகத்துக்குள்ளேயே உள்ளன. வேறு நாட்டிலிருந்து வரும் படகு மஞ்சள் கொடியேற்றிக் காத்திருக்க, அதன் தலைவர் மட்டும் இறங்கிப் பதிவை முடித்த பின்னரே மற்றவர்கள் கரையேறலாம். கரைச்சுவரில் படகைக் கட்ட விரும்புவோர் முன்னே தம் நங்கூரத்தை இறக்கி, படகின் பின்புறத்தைச் சுவர்ப்பக்கம் கொண்டுவர வேண்டும். அடியில் கிடக்கும் பழைய கனத்த சங்கிலியில் நங்கூரம் சிக்கக்கூடும் என்பதால், எங்கே இறக்குவது என்று துறைப் பணியாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. துறைமுக வாயிலருகே உள்ள ஃபிரீமன்ஸ் பே என்னும் விரிகுடாவில் நங்கூரமிட்டு, டிங்கி எனப்படும் சிறு துணைப்படகில் வருவது இதைவிட எளிது.

உள்ளே நடக்கும்போது அவசரப்பட வேண்டாம். கப்பலைப் பக்கவாட்டில் சாய்த்து அடிப்பகுதியைச் சுத்தம்செய்யக் கயிறு சுற்றி இழுத்த பெரிய உருளைகளையும், கூரையிழந்து நிற்கும் படகுக் கொட்டகையின் பருத்த தூண்களையும், இன்று தங்கும் விடுதியாக உள்ள செம்பு, மரக் கிடங்கையும் பார்க்கும்போது, மலைகள் சூழ்ந்து புயலைத் தடுக்கும் இந்தக் குறுகிய கடற்கழியைக் கடற்படை ஏன் தேர்ந்தெடுத்தது என்பது தானாகவே விளங்கும். 1784 முதல் 1787 வரை இப்பகுதியில் பணியாற்றிய பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. ஆனால் கல் சுமந்து, சுவரெழுப்பி, கப்பல்களைச் செப்பனிட்டவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். அருங்காட்சியகத்துக்குள் நுழைபவர்கள் அவர்களைப் பற்றிய செய்திகளையே முதலில் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2016-இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோதும் அவர்களின் உழைப்பைக் குறிப்பிட்டது.

வளாகத்துக்குள் ரொட்டிக்கடையும் உணவகங்களும் உண்டு. தீவின் சொந்த உணவான ஃபங்கி என்னும் சோளமாவுக் களியும் பெப்பர்பாட் என்னும் கீரை, இறைச்சிக் குழம்பும் எங்கேனும் கிடைத்தால் தவறவிடாதீர்கள். களிக்குப் பழகிய நம் நாவுக்கு அது அந்நியமாகவே இராது. ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபியன் டாலர் (தீவின் நாணயம்) என்பது நிலையான மாற்றுவிகிதம் என்பதால் கணக்கில் குழப்பமில்லை. உண்டபின் துறைமுக வாயிலில் உள்ள பெர்க்லி கோட்டைவரை சிறிது தூரம் நடக்கலாம். விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த செயின்ட் ஜான்ஸ் நகருக்கு 17-ஆம் எண் பேருந்து செல்கிறது. கிரிக்கெட் அன்பர்களை அது இழுக்கும் என்றாலும், அப்பயணத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலை ஷெர்லி ஹைட்ஸ் குன்றின் உச்சியில் இரும்பு மேளங்களால் ஆன ஸ்டீல்பேண்ட் இசையும் சுட்ட இறைச்சி விருந்தும் நடக்கும், கூட்டம் மிகுதி. இங்கிலீஷ் ஹார்பரையும் அடுத்துள்ள ஃபால்மத் துறைமுகத்தையும் அமைதியாக ஒருசேரப் பார்க்க விரும்புவோர் வார நாளில் கேலியன் கடற்கரையிலிருந்து செங்குத்தான காட்டுப்பாதையில் ஏறலாம். இருட்டிய பிறகு அவ்வழியே இறங்குவது பாதுகாப்பானதல்ல, டாக்சியில் திரும்புங்கள்.