ஃபாஸ்டேக் வங்கியை மாற்றப் போன கதை

போன டிசம்பரில் அப்பாவின் காரில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போனோம். கல்யாணம், சொந்தபந்தம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நான் சொல்ல வந்தது வழியில் ஒரு சுங்கச்சாவடியில் நடந்ததை.

கம்பி ஏறவில்லை. கையில் மெஷினோடு வந்த பையன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்கை, அதாவது சுங்கக் கட்டணம் தானாகக் கழியும் ஸ்டிக்கரை, பார்த்துவிட்டு "பிளாக்லிஸ்ட் சார்" என்றான். முதல் நாள் ராத்திரிதான் அப்பா ஆயிரம் ரூபாய் ஏற்றியிருந்தார். போனைத் திறந்து அதைக் காட்டினார். "காசு இருக்கு சார், கேஒய்வி முடிக்கல, பேங்க்ல நிறுத்திட்டாங்க. கேஷ்னா டபுள், யுபிஐன்னா ஒண்ணேகால் மடங்கு." 2025 நவம்பர் 15-ல் வந்த புது விதி அது. பின்னால் ஹாரன் சத்தம் தாங்கவில்லை. கட்டிவிட்டு ஓரம் கட்டினோம்.

கேஒய்வி என்பது, டேக் சரியான வண்டியில்தான் இருக்கிறதா என்று வங்கி பார்க்கும் சரிபார்ப்பு. அப்போது டேக்கும் நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அனுப்பச் சொல்லும் மெசேஜ் எதுவும் அப்பாவுக்கு வரவே இல்லை. வங்கிக்குப் போன் போட்டால்தான் விஷயம் தெரிகிறது: டேக் விற்ற ஏஜென்ட் தன் நம்பரையே பதிந்து வைத்திருக்கிறார். ரீசார்ஜுக்கு வண்டி நம்பர் போதும் என்பதால் இத்தனை வருஷம் யாருக்கும் தெரியவில்லை. நம்பரை மாற்றுங்கள் என்றால், பழைய நம்பருக்கு ஓடிபி போகுமாம். எழுபத்தைந்து வயது மனிதர் வெயிலில் நின்று ஆர்சி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு "சார், அது என் நம்பரே இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

சரி, அந்த வங்கியே வேண்டாம் என்று குடை போட்டு டேக் விற்றுக்கொண்டிருந்த தம்பியிடம் போனேன். அவனிடம் வேறு வங்கியின் டேக் இருந்தது. "பழசை குளோஸ் பண்ணிட்டு வாங்க சார், ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான்." குளோஸ் பண்ணவும் ஓடிபி வேண்டும். அதுவும் ஏஜென்டுக்குத்தான் போகும்.

காசு நீட்டி, சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் வாங்கி, ரிட்டர்ன் சீட்டைப் பத்திரமாக டேஷ்போர்டில் செருகி வைத்த காலம் நினைவுக்கு வந்தது. வரிசையில் நிற்கும்போது ஜன்னலோரம் வெள்ளரிக்காய் கிடைக்கும். அது மெதுவான காலம்தான். ஆனால் கையில் காசு இருந்தும் வண்டி நின்றதில்லை.

நான் இருக்கும் மெல்போர்னில் சுங்கச்சாவடியே கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். டேக் இல்லாமல் போய்விட்டால் அப்புறம் மூன்று நாளுக்குள் பாஸ் வாங்கிக்கொள்ளலாம். எந்த நிறுவனத்தின் டேக்காக இருந்தாலும் எல்லாக் கட்டணச் சாலையிலும் செல்லும். இந்த விஷயத்தில் நம் ஊரும் குறைந்ததில்லை. 30-க்கு மேற்பட்ட வங்கிகள் டேக் தருகின்றன. நமக்கு டேக் கொடுத்த வங்கி ஒன்று, சாவடிக்காக வசூலிக்கும் வங்கி வேறொன்று, நடுவில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் கணக்கைத் தீர்க்கிறது. இவ்வளவு பெரிய நாட்டில் இது சாதாரண வேலை இல்லை.

ஆனால் நுழையத்தான் போட்டி இருக்கிறது, விலக வழி இல்லை. விலக முடியாத வாடிக்கையாளரை எந்த வங்கி மதிக்கும்? 2024 மார்ச்சில் ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் ரீசார்ஜை நிறுத்தியபோதும், அந்த டேக் வைத்திருந்தவர்கள் வேறு வங்கிக்கு அப்படியே மாற முடியவில்லை. பழைய டேக்கை மூடிவிட்டுப் புது டேக் ஒட்ட வேண்டியிருந்தது. செல்போனில் நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனியை மாற்றும் வசதி 2011-லேயே நாடு முழுக்க வந்துவிட்டது. வண்டி நம்பரும் ஆர்சியும் அரசிடமே இருக்கும்போது, அதே ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு வங்கியை மட்டும் மாற்ற ஏன் விடக்கூடாது? ஆர்சியில் இருக்கும் உரிமையாளரின் நம்பருக்கு ஓடிபி அனுப்பினால் ஏஜென்டுக்கு இதில் வேலையே இல்லை.

கடைசியில் வங்கிக் கிளைக்கு நேரில் போய், எழுதிக் கொடுத்து, மேலாளர் கையெழுத்து போட்ட பிறகுதான் பழைய டேக் மூடப்பட்டது. இப்போது அப்பாவின் காரில் வேறு வங்கியின் டேக் இருக்கிறது, அவருடைய சொந்த நம்பரில். பழைய டேக்கில் இருந்த காசும் டெபாசிட்டும் இன்னும் வரவில்லை. இங்கிருந்து மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.